என் வீட்டுக்காரரின் கண்ணை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

விழித்திரை ஆபரேஷன் முடிந்து என் வீட்டுக்காரருக்கு இடது கண்ணில் பார்வை திரும்பிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார். நேரில் நன்றி சொல்ல வந்தால் "இதுக்கெல்லாமா" என்று வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் மார்க்கெட் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன். கண்ணுக்குள் கறுப்பாகப் பூச்சி பறக்கிறது, இருட்டில் மின்னல் வெட்டுகிறது, காலையிலிருந்து ஒரு ஓரம் இருண்டு கிடக்கிறது என்று இவர் சொன்னார். பவர் கூடியிருக்கும் என்று புதுக் கண்ணாடிக்கு அளவெடுத்திருக்கலாம் அவர். "இது ரெட்டினா சமாசாரம். நாளைக்குன்னு தள்ளாதீங்க, இப்பவே எழும்பூர் போங்க" என்று சொல்லி, ஆட்டோவையும் அவரே நிறுத்தினார். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் வாய்ப்பு கூடுதலாம். கிழிந்தாலும் வலிக்காது. அதனாலேயே பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்துப் பார்த்த டாக்டரம்மா, அவ்வளவு கூட்டத்திலும் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ஓதம் ஏறிய சுவரில் காரை பெயர்வது போல, கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரை கழன்றுகொண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் மாக்குலா இன்னும் கழலவில்லை. அதற்குள் ஒட்டவைத்தால் கூர்மையான பார்வையைக் காப்பாற்றலாம் என்றார். கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, உள்ளே கேஸ் நிரப்பினார்கள். வலது கண்ணில் மெலிந்திருந்த இடங்களுக்கும் லேசர் போட்டார்கள். டாக்டரம்மாவுக்கும், இவர் கையைப் பிடித்துத் தியேட்டருக்கு அழைத்துப் போன சிஸ்டருக்கும் எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

வராந்தாவில் பழக்கமான வியாசர்பாடி அக்காவை மறக்க மாட்டேன். அவருக்குச் சர்க்கரையால் விழித்திரையில் கசிவு, மாக்குலா வீங்கியிருந்தது. வீக்கம் வற்றக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். ஒரு ஊசியோடு முடிவதில்லையாம், சர்க்கரையையும் அடக்க வேண்டுமாம். "மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுவாங்க, பயப்படாதே" என்று, ஊசிக்குக் காத்திருந்தவர் எனக்குத் தைரியம் சொன்னார். குறைமாதக் குழந்தையோடு வந்திருந்த திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு, பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிய நர்ஸ் யாரோ, அவரும் நன்றாக இருக்கட்டும்.

அப்புறம் எங்கள் தெரு. கேஸ் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க, இவர் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்படித்தான். எதிர்வீட்டு ஆசாரித் தம்பி நெற்றியும் தாடையும் பதியும்படி நடுவில் ஓட்டை போட்டு, ஓரத்துக்குப் பஞ்சு வைத்து ஒரு ஸ்டூல் செய்துகொண்டு வந்தார். படகுக்காரத் தோழர்கள் வேலை முடிந்து வந்து, ஸ்டூலுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்துக் கதை பேசுவார்கள். இவர் சிரித்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். படகு முதலாளி கேட்காமலே முன்பணம் கொடுத்தனுப்பினார்.

கேஸ் கரையும்வரை விமானமும் கூடாது, மலையும் ஏறக்கூடாது. எங்களையும் சேர்த்துத் திருப்பதிக்கு வேன் பேசியிருந்த பக்கத்து வீட்டார், எங்களுக்காகப் பயணத்தையே தள்ளிவைத்தார்கள். கேஸ் கரையக் கரைய, பார்வையில் தெரிந்த நீர்மட்டக் கோடு கீழே இறங்கிக்கொண்டே போனது. "இன்னைக்கு எதுவரைக்கும் இறங்கிச்சு?" என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் தினமும் வந்து கேட்டார்கள். கோடு மறைந்து டாக்டரம்மா சரி என்றபிறகு, எல்லோருமாகத்தான் போய் வந்தோம்.

அந்த ஸ்டூல் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கு விழித்திரை ஆபரேஷன் ஆனாலும் தயங்காமல் வந்து எடுத்துப் போங்கள். ஆசாரித் தம்பியும் அதைத்தான் சொல்லச் சொன்னார்.