அந்த மீசைக்காரர் எங்கள் பாடகர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பிறந்து வெளிநாடுகளில் புகழ்பெற்றவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பாடகர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்குக்கு மூன்று வரிகள் ஒதுக்கியிருந்தீர்கள். மூன்று வரியானாலும் மகிழ்ச்சிதான். ஆனால் பக்கத்தில் அச்சாகியிருந்த படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். விறைப்பான காலரும் மீசையுமாக அதில் இருக்கும் பெரியவர் ஜெர்மானிய இசையமைப்பாளர். ஆப்பரா என்னும் இசை நாடகங்கள் எழுதியவர். 1921-லேயே காலமாகிவிட்டார்.

இருவருக்கும் பெயர் ஒன்றுதான், அது தற்செயலும் அல்ல. நம் பாடகருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. ஜெரி டார்சி என்ற பெயரில் பல ஆண்டுகள் பாடிப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் 1961-ல் காசநோய் வேறு வந்து பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். 1965-ல் பாடகர் டாம் ஜோன்ஸின் மேலாளரான கார்டன் மில்ஸ்தான் அந்தப் பழைய இசையமைப்பாளரின் பெயரை எடுத்து இவருக்குச் சூட்டினார். ஒருமுறை கேட்டால் மறக்காது, பத்து முறை சொன்னாலும் நாக்கில் ஒழுங்காகப் படியாது. இசையமைப்பாளரின் குடும்பத்தார் ஆட்சேபித்ததால் ஜெர்மனியில் மட்டும் இவர் வெறும் எங்கெல்பர்ட்தான். இவ்வளவு வரலாறு இருப்பதால் உங்கள் உதவி ஆசிரியரை நான் கோபிக்கவில்லை.

என்னை எழுத வைத்தது படம்கூட அல்ல, மூன்றாவது வரி. "பீட்டில்ஸை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தவர்" என்று முடித்திருந்தீர்கள். செய்தி பொய்யல்ல. 1967 மார்ச் தொடங்கி இவருடைய 'ரிலீஸ் மீ' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. நால்வர் குழுவான பீட்டில்ஸின் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' இரண்டும் ஒரே இசைத்தட்டில் வந்து இரண்டாம் இடத்தோடு நின்றன. அறுபதாண்டுப் பாட்டு வாழ்க்கையை, வேறு நான்கு பேருக்குக் கிடைக்காமல் போன ஓர் இடத்தை வைத்தா அளப்பது? எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் இதே வரிதான். அந்தப் பாட்டு ஐம்பத்தாறு வாரங்கள் தொடர்ந்து பட்டியலில் இருந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆறு வாரம் சண்டை, அதனால் செய்தி. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சனங்கள் சலிக்காமல் காசு கொடுத்து வாங்கினார்கள், அது செய்தியில்லை போலும்.

எனக்கு இவர் அறிமுகமானது பெரம்பூரில், அடுத்த வீட்டு ஆங்கிலோ-இந்திய ஆன்டியின் வழியாக. அங்கிளுக்கு ரயில்வேயில் வேலை. அவர்கள் வீட்டு ரெக்கார்டு பிளேயருக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ஆங்கிலத்தில் பாதி புரியாது, ஆனால் குரல் புரிந்தது. தரையில் கால் படாமல் நடப்பதுபோல் தாழ்ந்தே வந்து, பல்லவியில் மட்டும் எழுந்து நிற்கும் குரல். என் அப்பா சீர்காழியின் ரசிகர். "தொண்டை இருக்கிறது, தாளத்தில்தான் தூக்கம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பாட்டு வரும்போது அவர் வானொலியைக் குறைத்துவைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆன்டி இவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "நம்ம மெட்ராஸ் பையன்" என்றுதான் சொல்வார். 1936 மே 2-ல் இங்கே பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார், வீட்டில் பத்துப் பிள்ளைகள். பத்து வயது வாக்கில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போய்விட்டது. இதில் சென்னை பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் ஆன்டி பட்ட பெருமை வேறு மாதிரி. கிறிஸ்துமஸ் காலத்தில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனம் நடக்கும். கடைசி நடனத்துக்கு 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' போட்டால் அங்கிளோடு ஆடிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அவரைச் சுற்றியிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. முன்னே போன ஒரு பையன் அங்கே பிழைத்துக்கொண்டான் என்ற ஆறுதல் அந்தப் பெருமைக்குள் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. 1972-ல் அவர்களும் போனார்கள்.

அதன்பின் எங்களுக்குள் கடிதம்தான். ஏர்மெயில் உறைக்குள் வீட்டுச் செய்தி ஒரு பக்கம், எங்கெல்பர்ட் செய்தி இரண்டு பக்கம். பத்திரிகையில் எது வந்தாலும் வெட்டி அனுப்புவார். 1976-ல் வெளிவந்த இவருடைய பாட்டு ஒன்று அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தபோது, சொந்தத் தம்பிக்கு உத்தியோக உயர்வு கிடைத்ததுபோல் எழுதியிருந்தார். பதிலுக்கு நான் ஊர்க் கதையெல்லாம் எழுதுவேன். முப்பது வருடம் அப்படி ஓடியது.

ஆன்டி இறந்து பல வருடம் கழித்து, கொரோனாவுக்குச் சில ஆண்டுகள் முன்பு, மகனைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். ஆன்டியின் மகள் ஓர் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். ஏழரைக்கு ஆரம்பம் என்றால் நாலு மணிக்கே அரங்க வாசலில் கூட்டம். மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் தேநீர், முழங்காலுக்குக் கம்பளி. நம் ஊர் மார்கழிக் கச்சேரிக்கு வரும் மாமிகளை அப்படியே எடுத்துப் போய்க் குளிரில் உட்காரவைத்ததுபோல் இருந்தது.

அந்த மூன்றரை மணி நேரம்தான் எனக்கு உண்மையான கச்சேரி. ஓர் அம்மாள் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தில் அரைக்கிழிந்த டிக்கெட்டுகளை வருட வரிசையில் ஒட்டி வைத்திருந்தார். 1967 குளிர்காலத்தில் லண்டன் பல்லேடியத்தில் இவர் ராபின்சன் குரூசோவாக நடித்த நாடகத்தின் டிக்கெட் முதல் பக்கத்தில் இருந்தது. அதே அரங்கில், அதே ஆண்டுத் தொடக்கத்தில், இன்னொரு பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கடைசி நேரத்தில் இவரை ஞாயிறு இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிறுத்தினார்கள். 'ரிலீஸ் மீ' பிடித்த ஓட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதுவரை அந்த அம்மாளுக்கு நினைவிருந்தது.

ஒரு பெரியவர் இன்னொரு கதை சொன்னார். 1967 வசந்தத்தில் வாக்கர் பிரதர்ஸ், கேட் ஸ்டீவன்ஸ், கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எங்கெல்பர்ட் எல்லோரும் ஒரே குழுவாக ஊர் ஊராகப் போனார்கள். ஹென்ட்ரிக்ஸ் லண்டன் மேடையில் முதன்முதலாகக் கிதாரைக் கொளுத்தியது இந்தப் பயணத்தில்தான். தன் கிதார்காரர் வராத ஒரு நாளில் ஹென்ட்ரிக்ஸே திரைக்குப் பின்னால் நின்று தனக்கு வாசித்ததாக எங்கெல்பர்ட் சொல்வதுண்டு. பெரியவர் போனது ஹென்ட்ரிக்ஸுக்காக. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் வந்தது எங்கெல்பர்டுக்காக. அந்தப் பெண் அன்றும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து, கணவர் கதையைத் தப்பாகச் சொல்கிறார் என்று திருத்திக்கொண்டிருந்தார்.

பாடகரைப் பற்றிய செய்தி கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அடுத்து எந்த ஊர், தொண்டை எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் யாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, யார் இந்த வருடம் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதுதான். ஆன்டியின் மகளிடம் நான்கு பேர் வந்து அவள் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். அவர்களில் ஒருவருக்கு என்னையும் தெரிந்திருந்தது. "பெரம்பூர்ச் சிறுமி நீங்கள்தானா?" என்று கேட்டார். எனக்கு அப்போது வயது அறுபது.

இவர்களிடம் பீட்டில்ஸைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் வெற்றி முழக்கம் செய்யவில்லை. பாதிப் பேர் அந்த வாரம் இரண்டு தட்டுகளையும் வாங்கியிருந்தார்கள்.

தோல்வியையும் இவர்கள் மறைப்பதில்லை. 2012-ல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த, நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு எங்கெல்பர்ட் எழுபத்தாறு வயதில் பிரிட்டன் சார்பில் போனார். முதல் ஆளாகப் பாட வைத்தார்கள். இருபத்தாறு பேரில் இருபத்தைந்தாவது இடம், மொத்தம் பன்னிரண்டு புள்ளிகள். சொந்த நாட்டுப் பாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது என்பது விதி. அதனால் ஆன்டியின் மகள் அயர்லாந்தில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட்டுப் போட வைத்தாளாம். வயதுதான் காரணம் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அதே மேடையில் ரஷ்யக் கிராமத்துப் பாட்டிமார் பாடி இரண்டாம் இடம் பிடித்தார்கள். பாட்டு எடுபடவில்லை, அவ்வளவுதான்.

2021 தொடக்கத்தில், எங்கெல்பர்ட் தம் மனைவி பட்ரீஷியாவுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். லெஸ்டரில் இளவயதில் பழகி, 1964-ல், பெயரும் பணமும் வருவதற்கு முன்பே மணந்த பெண். பத்தாண்டுகளுக்கும் மேலாக மறதி நோய். பிப்ரவரியில் கொரோனாவில் போய்விட்டார். அன்று ஆன்டியின் மகள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் சற்று நேரம் இருந்தாள். அந்த ஆண்டே எங்கெல்பர்டுக்கு பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது. மறு ஆண்டு, இவர் 1968-ல் பாடிய 'எ மேன் வித்தவுட் லவ்' பாட்டை ஒரு சூப்பர் ஹீரோ தொடரின் முதல் பகுதியில் ஒலிக்கவிட, என் பேரன் அதை முணுமுணுத்துக்கொண்டு வந்து, "பாட்டி, இது புதுப் பாட்டு" என்றான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, திருத்தம் போடும்போது படத்தோடு அந்த மூன்றாவது வரியையும் மாற்றிவிடுங்கள். சரியான படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். அடர்த்தியான கிருதாவைப் பார்த்தாலே இவர்தான் என்று தெரியும். ஆன்டி 1973-ல் வெட்டி அனுப்பிய துண்டு அது. அச்சானதும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள், தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. அதன் பின்பக்கம் ஆன்டி தம் கையால் எழுதிய, குல்குல் என்னும் கிறிஸ்துமஸ் பலகாரத்தின் செய்முறை இருக்கிறது. டிசம்பருக்குள் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பெரம்பூர், சென்னை.