அந்த முதல் ஒரு நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் 'புதிய வெளியீடுகள்' பகுதியில் லண்டனைச் சேர்ந்த ஒரு சிறிய நிறுவனத்தின் ஹவுஸ் என்கிற நடன இசைத்தட்டுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து தமிழில் இதற்கு இடம் கொடுப்பது நீங்கள் மட்டும்தான். ஆசையாகத்தான் பக்கத்தைத் திருப்பினேன். "ரீமிக்ஸ் என்ற பெயரில் முதல் ஒரு நிமிடம் வெறும் டொம் டொம், பாட்டைக் காணோம்" என்ற வரியைப் படித்து இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

அந்த ஒரு நிமிடம் எதற்கென்று உங்களுக்குத் தெரியாததல்ல. எழுதியவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 1997ல் நான் கம்ப்யூட்டர் வேலையாகச் சிகாகோவில் இருந்தேன். சனிக்கிழமை தவறாமல் கிளார்க் தெருவில் ஒரு ரெக்கார்டு கடையில் போய் நிற்பேன். அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருந்த தட்டுக்கு அருகில் இன்னொரு தட்டை வைத்தார். ஒரு காதில் மட்டும் ஹெட்போன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டனை மயிரிழை தள்ளினார். தட்டின் ஓரத்தை விரல்நுனியால் லேசாகப் பிடித்து விட்டார். இரண்டின் டிரம்மும் ஒன்றாகிவிட்டன. எந்த இடத்தில் முதல் பாட்டு போய் அடுத்தது வந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு பாட்டையும் இப்படி இணைக்கிற வேலைக்குத்தான் ஐயா அந்த ஒரு நிமிடம். ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது. வீட்டில் கேட்பவருக்கு அது நீளம்தான், சரி. அவர்களுக்கென்று சுருக்கிய வடிவத்தையும் தனியாக வெளியிடுகிறார்களே.

ரீமிக்ஸ் என்றாலே பழைய பாட்டைக் கெடுப்பது என்று நம் ஊரில் ஆகிவிட்டது. ஹவுஸில் ரீமிக்ஸ் செய்பவர் பல நேரம் பாடியவரின் குரலை மட்டும் வாங்கிக்கொண்டு பேஸ், கீபோர்டு, டிரம் எல்லாவற்றையும் புதிதாகப் போடுகிறார். அதற்கென்று 1998ல் கிராமி தனி விருது தந்தபோது முதலில் வாங்கியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். 1977ல் சிகாகோ ஜெஃபர்சன் தெருவில் திறந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பில் அவர் தட்டு சுழற்றியதிலிருந்து வந்த பெயர்தான் ஹவுஸ். அங்கே ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். அவர் 2014ல் இறந்தபோது நம் இதழில் இரண்டே வரி வந்தது, அதிலும் 'டிஸ்கோ பாடகர்' என்று. அவர் பாடகரே அல்ல. அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை, பதிலும் வரவில்லை. இதுவரை அதை யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டதில்லை.

இந்தத் தடவையும் பாருங்கள். ஆறு தட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ரீமிக்ஸ் செய்தவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. பாடியவர் பெயர் இருக்கிறது, அட்டைப்படம் வரைந்தவர் பெயரும் இருக்கிறது. தன் பாட்டு தன் கையில் இல்லாமல் போவது என்னவென்று இந்த இசைக்காரர்களுக்குத்தான் தெரியும். எண்பதுகளில் தாங்கள் செய்த பாடல்களுக்காக சிகாகோ ஹவுஸ் கலைஞர்கள் லாரி ஹெர்டும் ராபர்ட் ஓவன்ஸும் 2020ல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வேண்டி வந்தது. 2022ல்தான் உரிமை திரும்பக் கிடைத்தது. பணம் கொடுப்பது நம் கையில் இல்லை. பெயரைப் போடுவது நம் கையில் இருக்கிறது அல்லவா?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ரீமிக்ஸ் செய்தவரின் பெயரையும் அந்த வடிவம் எத்தனை நிமிடம் என்பதையும் சின்ன எழுத்திலாவது போடுங்கள். என் சந்தா மார்ச்சில் முடிகிறது. வழக்கம்போல் புதுப்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
திருச்சி.