முத்து வெந்திருக்க வேண்டுமே!

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் முடிந்த ஏற்காட்டு மர்மத் தொடர், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் துப்பறியும் கதையாக்கியது நல்ல யோசனை. பாண்டிமாதேவி சிலம்பில் முத்துப் பரல், கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்தால் உண்மை தெரிந்துவிடும். இவ்வளவு கச்சிதமான தடயம் கிடைப்பது அரிது.

ஆனால் கடைசி அத்தியாயம் வெள்ளி வேலை தெரிந்தவர்களை உறுத்துகிறது. எஸ்டேட் பங்களாவில் நகைப் பத்தர் வெள்ளிச் சிலம்பின் மூட்டு இணைப்பைப் பிரித்து, மாணிக்கத்தை எடுத்துவிட்டு முத்தைப் போட்டு, மறுபடி பற்றவைக்கிறார். பின்னால் இன்ஸ்பெக்டர் உடைக்கும்போது முத்துகள் பளபளவென்று உருண்டோடுகின்றன. நடக்காத காரியம். வெள்ளி உருகுவது 961 டிகிரி செல்சியஸில். பற்றவைக்கும் வெள்ளிப் பொடியில் செம்பும் துத்தநாகமும் சேர்வதால் அந்தப் பொடி 700 டிகிரியை ஒட்டியே இளகி ஓடும். மூட்டில் மட்டும் தீ காட்டினால் ஓடாது. வெள்ளி சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும், சிலம்பு முழுக்கக் காய வேண்டும். முத்து என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். அந்தச் சூட்டில் கறுத்து, ஏடு ஏடாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். மாணிக்கம் தாங்கும், பற்றவைக்கப் பூசும் வெங்காரம் (போராக்ஸ்) பட்டால் மட்டும் மெருகு அரித்துப் போகும். உள்காற்று போக ஊசித் துளை விட்டதாகவும் கதையில் இல்லை. விடாவிட்டால் கடைசிச் சொட்டுப் பற்று ஓடும் இடத்தில் காற்று பீறிட்டு ஓட்டை விழும்.

ஈயப் பற்று வைத்திருந்தால் 200 டிகிரிக்குள் வேலை முடியும், முத்தும் பிழைக்கலாம். ஆனால் மூட்டில் சாம்பல் நிறக் கோடு தெரியும். பிறகு யாராவது அதில் கடுந்தீ காட்டினால் ஈயம் வெள்ளியைத் தின்றுவிடும். பட்டறைக்குள் ஈயத்தை அண்டவிடாதது இதனால்தான்.

ஆகவே உடைத்த சிலம்பிலிருந்து வெந்த முத்து உதிர்ந்திருந்தால் கதையே மாறியிருக்கும். தொழில் தெரிந்தவர் முத்தை உள்ளே வைத்துத் தீ காட்டமாட்டார். திருகாணி வைத்துத்தான் மூடுவார். அப்படியானால் குற்றவாளி பத்தர் அல்ல! கோவலன் காலத்துப் பழியை இன்னொரு முறை பட்டறைக்காரர் தலையில் கட்டியிருக்க வேண்டாம். அந்த ராத்திரி பங்களாவில் கேஸ் பர்னர் யார் கையில் இருந்தது என்பதை, நூலாக வரும்போது எழுத்தாளர் விசாரிக்கட்டும்.

அப்படியே கார் விபத்தையும் திருத்தலாம். சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20தான். 22ஆவது வளைவில் கார் உருள வேண்டுமென்றால் அது ஏற்காடு ஊருக்குள்தான் உருள வேண்டும்.

– வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்