எங்கள் தெரு மகளிர் வழிபாட்டுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவி அம்மா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அந்தாதிப் பாராயணம் ஒரு வாரமும் நிற்கவில்லை. ஐப்பசி அடைமழையில்கூட நான்கு பேர் குடை பிடித்து வந்து சேர்ந்தார்கள். ஆடிக் கூழ், நவராத்திரிக் கொலு, மார்கழி முழுவதும் விடியற்காலைத் திருப்பாவை, திருவெம்பாவை எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்ளச் சபையின் அனுமதியைக் கேட்கிறேன். இந்த ஆண்டு நம் சங்கம் செய்ததில் முக்கியமானது என்று நான் நினைப்பது அதுதான்.

நம் தெருவில் ஒரு மருமகள். பெயர் வேண்டாம். கல்யாணமாகி நான்கு வருஷம். கருவைக் காக்கும் அம்பாள் இருக்கிற திருக்கருகாவூர் போய் வந்து, பிரசாத நெய்யை ஒரு மண்டலம் நம்பிக்கையோடு சாப்பிட்டாள். நாள் தள்ளிப்போயிற்று. நாமெல்லாம் சேர்ந்து சர்க்கரைப் பொங்கல் செய்து அம்பாளுக்குப் படைத்தோம். பத்தாவது வாரம் ஸ்கேனில் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு இரண்டு மாதம் அவள் கோயில் பக்கம் வரவில்லை. நம்மில் ஒருவர்கூட அவள் வீட்டுக்குப் போகவில்லை. 'போய் என்னத்தைப் பேசுவது' என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆடி வெள்ளி ஒன்றில் அவளாகவே வந்தாள். உள்ளே வராமல் தூண் ஓரமாக நின்றாள். தீபாராதனை முடிந்து நான் வெளியே வந்ததும் கேட்டாள்: "பெரியம்மா, ஊரு கருவையெல்லாம் காக்கிற அம்பாளுக்கு எம் புள்ள மட்டும் கண்ணுல படலையா?"

நான் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த பூக்கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டேன். ஒரு செயலாளர் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சபையில் சொல்லத்தான் வேண்டும்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாதல்லவா! என் மாமியார் கடைத்தெருவுக்குப் போய் மல்லிகை வாங்கிவந்து, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்றுவதற்கு நம் பக்கத்தில் அந்தக் காலத்திலிருந்து செய்கிற கைவைத்தியம் அது. பூ வாடினால் எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பார். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஆனால் அந்தப் பூவை வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவரே மாற்றினார். எனக்குக் கிடைத்த துக்க விசாரிப்பு அது ஒன்றுதான். அன்றிலிருந்து நான் தலையில் மல்லிகை வைத்ததில்லை. அம்பாளுக்கு மட்டும் வெள்ளிதோறும் தொடுத்துக் கொடுக்கிறேன். ஏன் நான் வைத்துக்கொள்வதில்லை என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி, பாராயணத்துக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இதைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் தலைவி அம்மா 'எனக்கு ரெண்டு' என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக. அன்று கூடியிருந்த பதினேழு பேரில் ஆறு பேர். எழுபத்தெட்டு வயது பாட்டி ஒருவர், 'மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒண்ணு, அது பொண்ணு' என்றார். அவர் மகளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

பிள்ளை வேண்டும் என்று கேட்க நம் வழிபாட்டில் இடம் இருக்கிறது. தொட்டில் கட்டுகிறோம், நெய் வாங்குகிறோம். பிறந்துவிட்டால் முடியிறக்குகிறோம், துலாபாரம் கொடுக்கிறோம். நடுவில் போய்விட்டால் அவளுக்கு எந்தச் சடங்கும் இல்லை, பதினாறாம் நாள் இல்லை, திதி இல்லை. இந்த இடத்தில் நம் சங்கம் என்ன செய்யலாம் என்பதுதான் அன்று முதல் நம் பேச்சாக இருந்தது.

முதலில் பழியைத் துடைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'அபார்ஷன்' என்று எழுதுகிறார்கள். தானாகக் கலைந்தாலும் டாக்டர்கள் எழுதுவது அந்தச் சொல்தான். சொந்தக்காரர்கள் அதைப் படித்துவிட்டு 'கலைச்சியா?' என்று கேட்கிறார்கள். கலைந்தது வேறு, கலைத்தது வேறு. நடுவில் ஒரே ஒரு எழுத்து, அதற்குள் ஒருத்தியின் மானம் மாட்டிக்கொள்கிறது. சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் நம் வாயில் 'கலைந்துவிட்டது' என்ற சொல்தான் வரவேண்டும்.

நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலியர் புரட்டாசியில் ஒரு நாள் முழுக்க இதைப் பற்றிப் பேசினார். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நூற்றில் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அப்படிச் சீக்கிரம் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிசகு. கரு உண்டாகும்போதே நேர்வது அது, தாய் செய்த எதனாலும் அல்ல. மாடிப்படி ஏறியது, ஸ்கூட்டரில் போனது, ஒரு துண்டு பழுத்த பப்பாளி தின்றது, பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்தது என்று நாம் சொல்வதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்தடுத்து இரண்டு முறை கலைந்தால் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை, கர்ப்பப்பையின் அமைப்பு எல்லாம் பார்க்கச் சொன்னார். தாய்க்கு ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரிடம் கட்டாயம் கேட்கச் சொன்னார். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே இருந்து வருகிறது. நம்மில் இரண்டு பேர் அது தெரியாமல் நான்காம் நாளே வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

மருந்தைப் பற்றிப் பேசினால் பக்தி குறைந்துவிடும் என்று ஒரு மூத்த உறுப்பினர் கவலைப்பட்டார். அவருக்காகத்தான் கருகாவூர்த் தலவரலாற்றைத் திரும்ப எடுத்தோம். பல முறை கேட்ட கதைதான். நிருத்துவ முனிவரின் மனைவி வேதிகை. கணவர் வெளியே போயிருந்த நேரம், கர்ப்பக் களைப்பில் அசந்து கிடக்கிறாள். ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சை கேட்டு வருகிறார். அவளால் எழுந்து உபசரிக்க முடியவில்லை. அவர் சபிக்கிறார், கரு சிதைகிறது. அவள் கதறுகிறாள். அம்பாள் அந்தக் கருவை எடுத்துக் குடத்தில் வைத்துக் காத்து, நைத்துருவன் என்ற பிள்ளையாகக் கொடுக்கிறாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கக் காமதேனு வருகிறது. கோயிலுக்கு எதிரே இருக்கும் க்ஷீரகுண்டம் அதன் குளம்பு பட்டு உண்டானது என்பார்கள்.

இந்த முறை வேதிகை பக்கமாக நின்று கேட்டோம். அவள் செய்த குற்றம் என்ன? களைத்துப் படுத்திருந்தாள். இன்றைக்கு நாம் 'ஓடியாடி வேலை செஞ்சதாலதான்' என்று ஒருத்தியைச் சொல்கிறோம். அவளை 'எழுந்து வேலை செய்யாததால்தான்' என்றார்கள். எப்படி இருந்தாலும் பழி பெண்ணுக்கு. அம்பாள் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தக் கோயில் ஒரு கலைந்த கருவிலிருந்துதான் தொடங்குகிறது. இத்தனை தடவை போய் வந்தும் எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆனாலும் வேதிகைக்குப் பிள்ளை கிடைத்துவிட்டது. கிடைக்காதவளுக்கு எந்தக் கதை? ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் நம்மோடு இருக்கிறார், வைணவக் குடும்பம். அவர்தான் தேவகியை நினைவுபடுத்தினார். ஆறு பிள்ளைகளைக் கம்சன் கொன்றான். ஏழாவது கருவை யோகமாயை ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றினாள். அந்த ரகசியம் ஊருக்குத் தெரியாது. 'ஐயோ, தேவகிக்குக் கரு கலைந்துவிட்டதே' என்று மதுரா நகரத்து ஜனங்கள் புலம்பியதாகப் பாகவதத்தில் இருக்கிறது. பகவானைப் பெற்றவளை ஊர் அப்படியும் பேசியிருக்கிறது.

மார்கழியில் ஒரு மாலை, குலசேகர ஆழ்வார் தேவகியாகவே மாறிப் புலம்பும் பாசுரங்களை ஆசிரியை வாசித்துப் பொருள் சொன்னார். கண்ணனைப் பெற்றும் வளர்க்கக் கொடுத்துவைக்காதவள், தாலாட்டுப் பாடாததையும், தவழ்ந்து வந்து மார்பில் ஏறாததையும், பிஞ்சு விரலால் அள்ளித் தின்ற சோற்றின் மிச்சத்தைத் தின்னக் கிடைக்காததையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறாள். 'உண்ணப் பெற்றிலேன்' என்ற இடம் வந்தபோது நம் மேலத்தெரு அக்கா கேட்டார்: "டீச்சர், எனக்கு நாலாம் மாசம் போச்சு. நான் பெத்தவளா, பெறாதவளா?" ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தேவகியின் கதை அங்கே முடியவில்லை என்று பிறகு சொன்னார். வெகுகாலம் கழித்து, செத்துப்போன அந்த ஆறு பிள்ளைகளையும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று அவள் கண்ணனிடம் கேட்கிறாள். கண்ணனும் பலராமனும் மகாபலி ஆளும் சுதலம் என்ற கீழுலகத்துக்குப் போய் அழைத்து வருகிறார்கள். அவளுக்குப் பால் சுரக்கிறது. ஆறும் குடித்துவிட்டு, வணங்கிவிட்டு, மேலுலகம் போய்விடுகின்றன. தங்கவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனதும் மாமியார் படத்துக்கு மல்லிகை வைத்தேன்.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்த முஸ்லிம் தோழி ஒருவர் சொன்னதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பொறுமையோடு இருந்த தாயை, கலைந்துபோன பிள்ளை தன் தொப்புள்கொடியால் சுவனத்துக்கு இழுத்துச் செல்லும் என்று அவர்கள் மார்க்கத்தில் சொல்வார்களாம்.

தர்ம சாஸ்திரத்தில் என்ன இருக்கிறது என்றும் விசாரித்தோம். கலைந்தது எத்தனை மாதக் கருவோ அத்தனை இரவு தாய்க்குத் தீட்டு என்று இருக்கிறது. தீட்டு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யாரோ மாதத்தை எண்ணி அத்தனை இரவு ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலிருந்துதான் நம் வழக்கம் வந்தது. கலைந்தது எத்தனை மாதமோ அத்தனை வெள்ளிக்கிழமை, அந்தப் பெண் பெயரில் ஒரு நெய்விளக்கு. அவள் வரலாம், வராமலும் இருக்கலாம், விளக்கு எரியும். முதல் விளக்கு அந்த மருமகளுக்கு. இரண்டாவது வாரம் அவளே வந்து திரி போட்டாள்.

தவறும் நடந்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்கு நாங்கள் மூவர் போயிருந்தோம். நம்மில் ஒருவர் நல்ல எண்ணத்தில்தான், நாகதோஷம் இருக்கலாம், இன்ன இடத்தில் பரிகாரம் செய்தால் அடுத்தது நிற்கும் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள், பிறகு வரவேயில்லை. அந்த வீட்டுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அதன் பிறகு, போகிற வீட்டில் பரிகாரம், ஜாதகம், 'சின்ன வயசு, அடுத்தது பொறந்துரும்' இவை மூன்றையும் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். ஒரு தூக்கு ரசம் சாதம் கொண்டுபோகிறோம். புருஷன்காரனையும் ஒரு வாய் சாப்பிடச் சொல்கிறோம், அவனை யாரும் கேட்பதில்லை. அழுகை நிற்காமல், தூக்கம் இல்லாமல் வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறோம். சாமி கும்பிட்டால் சரியாகும் என்று மட்டும் சொல்லி விட்டுவிட வேண்டாம்.

சபையின் ஒப்புதலுக்காக இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். சங்கம் நடத்தும் வளைகாப்பில், கரு கலைந்தவர்களையும் பிள்ளை இல்லாதவர்களையும் ஒதுக்காமல் வளையல் அடுக்க அழைக்க வேண்டும். தை மாத வளைகாப்பில் இதைச் செய்து பார்த்தோம். இரண்டு வீட்டார் முகம் சுளித்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியே, 'அந்த அக்கா கையால போடட்டும்' என்று கையை நீட்டினாள். மற்றொன்று, நெய்விளக்குச் செலவைச் சங்க நிதியிலேயே எழுத வேண்டும். அந்தக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது.

வரும் வைகாசியில் திருக்கருகாவூருக்கு வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம். பாபநாசம் வழியாகப் போய், முல்லைவனநாதரையும் அம்பாளையும் தரிசித்துவிட்டு மாலைக்குள் திரும்புவோம். சுயம்புவான புற்றுமண் லிங்கம் என்பதால் சுவாமிக்கு அபிஷேகம் கிடையாது, புனுகுச் சட்டம் என்ற வாசனைப் பொருளைச் சாத்துவதுதான். அபிஷேகப் பால் கொண்டுவர வேண்டாம். அங்கே அப்பர் தேவாரம் பாட ஆசிரியை சொல்லித் தந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு பாட்டும் 'கண்ணாம் கருகாவூர் எந்தை தானே' என்று முடியும்.

பெயர் கொடுத்தவர்களில் முதல் பெயர் அந்த மருமகளுடையது. நெய் வாங்கப் போகவில்லையாம். "போன தடவை உங்ககிட்ட கேட்டேன் பெரியம்மா, நீங்க உள்ள போயிட்டீங்க. இந்தத் தடவை அவகிட்டயே கேக்கப் போறேன்" என்றாள். அவள் பக்கத்து இருக்கையை எனக்கு ஒதுக்கும்படி வேன் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்