கவிழ்த்துக் காயவைத்த தாள்கள்

ஏற்காட்டு மலைக்கிராமங்களில் பெண்களின் பிரசவ அனுபவங்களைக் கேட்டு எழுதிய எங்கள் ஆய்வுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

அந்த மழை ராத்திரியில் ஆய்வுப் படிவங்கள் இருந்த பை நனைந்து கைவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லவில்லை. பையில் இருந்த படிவங்கள் அத்தனையும் கைக்கு வந்துவிட்டன. நேற்று ராத்திரிதான் எண்ணி முடித்தேன். ஒரு தாள்கூடக் குறையவில்லை. எண்ணி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

முதல் நன்றி ஒரு பாட்டிக்கு. பெயரும் ஊரும் எழுத மாட்டேன்.

இந்தப் பாட்டி ஆய்வில் சேராதவர். ஆகஸ்டில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம், பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், பாதியில் போதும் என்று சொல்லலாம், நீங்கள் சொல்வதை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வேண்டாம் கண்ணு. பழசையெல்லாம் கிளற முடியாது" என்றார். காப்பி கொடுத்து அனுப்பினார். மருத்துவ ஆராய்ச்சிக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைகளை, 2017-இல் வந்ததை, வரிவரியாகப் படித்திருக்கிறேன். மறுக்கும் உரிமை பற்றி அதில் தெளிவாக இருக்கிறது. இருந்தும் அன்று மனசு கொஞ்சம் சுருங்கியது உண்மை.

அப்புறம் அந்த ராத்திரி. பை அவரிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அடுப்புக்கு மேலே பரணில் பரப்பி, விறகுச் சூட்டில் இரண்டு நாள் காயவைத்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது எல்லாத் தாளும் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்தன. ஏன் பாட்டி என்று கேட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாது. பேரனுக்குத் தெரியுமே! அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களும் வந்து போகுதுங்க. யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன?"

பெயர் உள்ள ஒப்புதல் படிவமும் எண் மட்டும் போட்ட பதில் தாளும் தனித்தனியாக இருக்க வேண்டும். அன்று அவசரத்தில் இரண்டையும் ஒரே பையில் திணித்தது நான். எந்தப் பிரசவத்தில் யார் என்ன பட்டார்கள், கீழே ஆஸ்பத்திரியில் என்ன பேச்சு வாங்கினார்கள், வீட்டில் எதை இன்றுவரை சொல்லவில்லை, எல்லாம் அதில் இருந்தது. ஒரு தாள் நிமிர்ந்து கிடந்திருந்தால்கூட ஒரு பெண்ணின் நிம்மதி போயிருக்கும். நான் கொடுத்த வாக்கை, என் படிவத்தில் கைநாட்டு வைக்காத ஒருவர் காப்பாற்றினார். என் தவறை நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாள் முழுக்கக் காப்பித் தோட்டத்தில் களை வெட்டிவிட்டு வந்து, உலை வைப்பதற்கு முன்னால் எனக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்த அக்காக்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? நனைந்துபோன பக்கங்களுக்காக மறுபடியும் பேசட்டுமா என்று நீங்களாகவே கேட்டீர்களே, அதை மறக்க மாட்டேன். அந்த மழையில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி எங்களைச் சேலத்தில் சேர்த்த ஜீப் அண்ணன், பள்ளிக்கூட அறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர், கிராம செவிலியர் அக்கா, தூங்காமல் தட்டச்சு செய்துகொடுத்த விடுதித் தோழிகள், ஒரு சொல்லும் கடிந்து பேசாத என் நெறியாளர், எல்லோருக்கும் நன்றி.

"போன தடவை கேட்டுட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்ல" என்று முதல் நாளே ஓர் அக்கா சொன்னார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது சொல்கிறேன். இந்த ஆய்வில் என்ன தெரியவந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன்னால், யார் பெயரும் ஊரும் இல்லாமல், உங்கள் ஊர் மந்தையில் தமிழில் வாசித்துக் காட்டுவேன். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

பாட்டி, பேரனை விட்டு இதை வாசிக்கச் சொல்லுங்கள். உங்களிடம் இனி எந்தக் கேள்வியும் கேட்க வர மாட்டேன். தாள்களை மூட்டை கட்டிக் கொடுத்த உங்கள் நீலச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுவருகிறேன்.