நான்கறிவுத் தும்பியும் என் ஆறாம் அறிவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிரக்ஞை என்பது ஆறறிவு மனிதனுக்கே உரியது, மற்ற உயிர்கள் சாவி கொடுத்த பொம்மைகள் என்று முடித்திருந்தது. சான்றுக்குத் தொல்காப்பியத்தையும் இழுத்திருந்தார் கட்டுரையாளர். அதங்கோட்டில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த நூலைக் கேட்டு ஏற்றவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். அவரை எங்கள் ஊர்க்காரராகவே நாங்கள் உரிமை கொண்டாடுகிறோம். போதாக்குறைக்கு, நான் முப்பது ஆண்டுகளாகத் தேனீ வளர்ப்பவன்.

தொல்காப்பியர் எந்த உயிரையும் பொம்மை என்று சொல்லவில்லை. புல்லுக்கும் மரத்துக்கும்கூட ஓர் அறிவு கொடுக்கிறார். 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே' என்கிறார். கடலோர நண்டையும் பூவில் மொய்க்கும் வண்டையும் ஏன் ஒரே வரியில் கட்டினார் என்பது எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் அறிவியலாளர்களும் தத்துவ அறிஞர்களும் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். நண்டு இனத்துக்கும் பூச்சிகளுக்கும் உணர்ந்து அனுபவிக்கும் தன்மை இருக்கக்கூடும், அதை ஒதுக்கிவிட முடியாது என்றது அது. நண்டும் தும்பியும் மறுபடி ஒரே வரியில்! 2022இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், பெருவண்டுத் தேனீக்கள் (பம்பிள்பீ) தீனி எதுவும் கிடைக்காதபோதும் சின்ன மரக்குண்டுகளை விளையாட்டுப் போலத் திரும்பத் திரும்ப உருட்டின. (தொல்காப்பியரிடம் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. அவர் கணக்கில் நான்கறிவுக்குச் செவி இல்லை. இருட்டுப் பெட்டிக்குள் ஒரு தேனீ ஆடும் நடனத்தின் ஒலியை மற்றவை உணர்கொம்பால் கேட்கின்றன.)

என் ஆறாம் அறிவின் கதைக்கு வருகிறேன். போன மாசியில் ரப்பர் புதுத்தளிர் விட்டிருந்தது. ரப்பர் தேன் பூவில் இல்லை, இலைக்காம்பின் நுனியில் சுரக்கும். பெட்டிகள் கனத்துக் கிடந்தன. ஒரு பெட்டியின் புழு அறையிலிருந்து, அடை கட்டியிருந்த சட்டத்தைத் தூக்கிய நேரம், மகனின் கல்விக் கடன் தவணை பற்றிக் கைபேசியில் தகவல் வந்தது. அடையை நேராகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் புது அடை முறியும் என்பது புதிதாகப் பழகுபவருக்கும் தெரியும். சாய்த்துவிட்டேன். முறிந்த அடைக்கு அடியில் ராணி நசுங்கிக் கிடந்தது. கண் திறந்திருந்தது, காது கேட்டது, கை சட்டத்தைப் பிடித்திருந்தது. ஐந்தும் இருந்தன. மனம் மட்டும் வங்கி வாசலில் நின்றது. 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்றும் தொல்காப்பியர் சொல்கிறார். மா என்றால் விலங்கு. மாக்கள் என்றால் மனத்தின் அறிவு வேலை செய்யாத மனிதர். அன்று காலை நான் மாக்களில் ஒருவன்.

தேனீக்கள் அப்படி இல்லை. மாலைக்குள் பெட்டியின் இரைச்சலே மாறிவிட்டது. சீரான ரீங்காரம் போய், ஏறி இறங்கும் ஒரு விம்மல். மூன்றாம் நாள் பார்த்தபோது இளம்புழு இருந்த கண்ணறைகள் சிலவற்றை நீட்டி ராணி அறைகள் ஆக்கியிருந்தன.

அடை முறிந்த பிறகுதான் 'நான் இங்கே இல்லையே' என்று எனக்கு உறைத்தது. இந்த உறைப்பு மனிதனுக்கு மட்டும்தான் என்று கட்டுரையாளர் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அது ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது? மார்த்தாண்டத்திலிருந்து ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தால் வழியில் எதைப் பார்த்தேன் என்று சொல்லத் தெரிவதில்லை. அந்த உறைப்பு வராத நேரத்திலும் தேனீ கொட்டினால் வலிக்கிறது, நாக்கில் பட்டால் இனிக்கிறது. அந்த அளவு தேனீக்கும் இருக்கலாம் என்பதுதான் என் கட்சி. தன்னை அறிவது வேறு, உணர்வது வேறு. கட்டுரை இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

அந்தப் பெட்டியில் இப்போது புது ராணி முட்டையிடுகிறது. அடுத்த மாசியில் கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் திறந்து காட்டுகிறேன். முகவலை தருவேன். கைபேசியை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பவர் ஒருவர்,
அதங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்.