அகிஹபாராவிலிருந்து அப்பாவுக்கு

டோக்கியோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு அப்புறம் நான் எழுதவே இல்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். வேலை அதிகம், வேறொன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

பழைய ரேடியோவுக்கு நீங்கள் கேட்ட ஈஎல் 84 கண்ணாடி வால்வைத் தேடி இன்று அகிஹபாராவுக்குப் போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கட்டடம் கட்டடமாகப் பெரிய கண் வைத்த கார்ட்டூன் பெண்கள். முரளி வந்தால் அங்கேயே குடியேறிவிடுவான். அவன் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேம் கேசட்டுகளை இங்கே கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து விற்கிறார்கள். ஞாயிறு மதியம் பெரிய சாலையில் வண்டிகளை மறித்துவிடுவதால் சனம் நடுரோட்டில் உலாத்துகிறது.

உங்களுக்கான இடம் அதுவல்ல. ரயில் பாலத்துக்கு அடியில் ரேடியோ சென்டர் என்று ஒன்று இருக்கிறது. போர் முடிந்த பிறகு தெருவில் ரேடியோ சாமான் விற்றுக்கொண்டிருந்தவர்களை 1949-இல் அப்புறப்படுத்தியபோது அவர்கள் ஒதுங்கிய இடம். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளை ஒரு முடுக்குக்குள் அடைத்த மாதிரி இருக்கிறது. கடைக்காரர் உட்கார மட்டும்தான் இடம். சுற்றிலும் ரெசிஸ்டர், கண்டென்சர், குமிழ், ஸ்விட்ச். வால்வு விற்கும் பெரியவர் உங்களைப் போலவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒன்பது பின்களையும் விரலால் தடவிப் பார்த்தார். டெஸ்டரில் செருகி, முள் ஏறுவதை எனக்குக் காட்டிவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஈய வாசனை, நம் கடை வாசனை.

வால்வை வாங்கவில்லை. பார்சலில் உடைந்துவிடும். ஊருக்கு வரும்போது கையிலேயே கொண்டுவருகிறேன்.

குளிர் இன்னும் விடவில்லை. இங்கே மிஷினில் காசு போட்டால் சூடான டப்பாவில் ஒரு குழம்பு வருகிறது. மீன் சாறு, உள்ளே ஒரு முட்டை. சாப்பிடுவதைவிடக் கையில் பிடித்துக்கொள்ளத்தான் சுகம். தெருவில் வேலைக்காரி வேடம் போட்ட பெண்கள் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அவர்கள் கடைக்குள் போனால், ‘வாங்க எசமான், வீட்டுக்கு வந்துட்டீங்களா’ என்று வரவேற்பார்களாம். நான் போகவில்லை, உட்காரவே தனிக் கட்டணம். ஆனால் அறைக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. அம்மா கதவைத் திறந்துகொண்டே ‘சாப்டியா’ என்பாளே.

சரி, செல்வி விஷயம். மாப்பிள்ளை வீட்டில் பதினைந்து பவுனுக்கு மேல் கேட்டால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். மாமாவைப் பேசச் சொல்லுங்கள். நம் கடையின் சொந்தக்காரர் வாடகை அட்வான்ஸை ஏற்றிக் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள். அதுவரை சங்கத்தில் நகையை மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
கணேசன்